கிழவரின் கண்ணும் கன்னத்து மறுவும்

எட்கர் ஆலன் போவையும் நதானியல் ஹாதார்னையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'இருட்டுக் கதைக்காரர்கள்' என்று பெயர் எழுதி வைப்பது வழக்கமாகிவிட்டது. பித்து, சாபம், பிணம், பாழடைந்த வீடு என்று இருவரிடமும் சரக்கு ஒன்றுபோல் இருப்பதால் வந்த குழப்பம் இது. சொல்லும் விதத்தைப் பார்த்தால் இருவரும் எதிரெதிர்த் திசைக்காரர்கள். அதைச் சோதித்துப் பார்க்க 1843ஆம் ஆண்டு நமக்கு ஒரு நல்ல வாய்ப்பைத் தந்திருக்கிறது.

அந்த ஆண்டு ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவெல் பாஸ்டனிலிருந்து 'பயனியர்' என்ற மாத இதழைக் கொண்டுவந்தார். மூன்றே இதழ்களில் நின்றுபோன பத்திரிகை. ஜனவரி இதழில் போவின் 'டெல்-டேல் ஹார்ட்', மார்ச் இதழில் ஹாதார்னின் 'பர்த்மார்க்'. இரண்டுக்கும் கரு ஏறக்குறைய ஒன்றுதான். கூடவே வாழ்கிற ஒருவரின் உடம்பிலுள்ள ஏதோ ஒன்று ஒருவனுக்குப் பொறுக்கவில்லை. அதை இல்லாமல் ஆக்கப்போய் ஆளையே இல்லாமல் ஆக்கிவிடுகிறான். போவின் கதையில் அது ஒரு கிழவரின் ஏடு படர்ந்த வெளிர்நீலக் கண். ஹாதார்னின் கதையில் மனைவி ஜார்ஜியானாவின் இடது கன்னத்தில், குட்டிக் கை பதிந்தாற்போல் சிவந்திருக்கும் மறு.

போ நம்மைக் கொலைகாரனின் மண்டைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார். அவனுக்குப் பெயர் கிடையாது. கிழவர் அவனுக்கு என்ன உறவு என்றும் தெரியாது. கிழவர் மீது பகையில்லை, அவர் பணத்தின் மீது ஆசையில்லை என்று அவனே சொல்கிறான். தனக்குப் பைத்தியமில்லை என்று காட்ட, எத்தனை நிதானமாகக் காரியம் செய்தேன் பாருங்கள் என்கிறான்: ஏழு இரவுகள், நள்ளிரவில், கதவை மெல்ல மெல்லத் திறந்து, மூடிய லாந்தரை உள்ளே நீட்டி... அந்த நிதானத்தை விவரிக்கிற வாக்கியங்களோ பதறுகின்றன. துண்டு துண்டாக விழுகின்றன; சொன்ன சொல்லே திரும்ப வருகிறது; இடையிடையே கோடு போட்டு மூச்சு வாங்குகின்றன. கிழவரை ஒளித்துவைத்த தரைப்பலகைக்கு அடியிலிருந்து இதயம் துடிப்பது கடைசியில்தான் அவன் காதில் விழுகிறது. நமக்கு அது நடையிலேயே முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு கொள்கை உண்டு. அரைமணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், எழுந்திருக்காமல் வாசித்து முடிக்கும்படி கதை இருக்க வேண்டும். ஆசிரியர் முன்பே தீர்மானித்த ஒரே விளைவை நோக்கித்தான் ஒவ்வொரு சொல்லும் நகர வேண்டும் என்று 1842இல் 'கிரஹாம்ஸ் மேகசின்' இதழில் போ எழுதியிருந்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் இதை எழுதியது ஹாதார்னின் தொகுப்புக்கான மதிப்புரையில். அதுவும் பாராட்டி.

ஹாதார்ன் அந்த அளவுகோலுக்குள் அடங்குகிறவர் அல்லர். 'பர்த்மார்க்'கின் கதைசொல்லி வெளியே நின்று, நீண்ட வாக்கியங்களில், அவசரமின்றிப் பேசுகிறார். மறுவைப் பற்றி முதலில் ஊர்ப்பேச்சைக் கேட்கிறார்: அவளை விரும்பியவர்களுக்கு அது ஒரு தேவதை தொட்ட தடம், பொறாமைப்பட்ட பெண்களுக்கு முகத்தைக் கெடுத்த கறை. விஞ்ஞானியான கணவன் ஐல்மருக்கோ அது மனித உடல் அழியக்கூடியது என்பதன் சின்னம். இந்தப் பொருளைக் கதைசொல்லியே நம் கையில் கொடுத்துவிடுகிறார். கிழவரின் கண்ணுக்கு என்ன பொருள் என்று போ ஒருநாளும் சொல்லமாட்டார். 1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளை விசாரித்தவர்களில் ஒருவர் ஹாதார்னின் முன்னோர். குற்றம் சாட்டப்பட்டவர்களின் உடம்பில் சூனியக் குறி இருக்கிறதா என்று தேடிப் பார்த்த வழக்குகள் அவை. உடம்பிலுள்ள ஒரு குறிக்குப் பொருள் கற்பிக்கும் பார்வை ஹாதார்னுக்கு வீட்டுச் சரித்திரம்.

இந்த உருவகப் பழக்கம் பின்னாளில் போவுக்கு எரிச்சலூட்டியது. கதையின் முடிவில் கதைசொல்லி நீதி சொல்லத் தொடங்கும்போது எனக்கும் போவின் பக்கம் சாயத்தான் தோன்றுகிறது. ஆனால் இந்தக் கதையின் உயிர் நடுவில் இருக்கிறது. ஜார்ஜியானா கணவனின் சோதனைக் குறிப்பேட்டைப் படிக்கிறாள். அவனுடைய பெரிய வெற்றிகள்கூட, எட்ட நினைத்த உயரத்தோடு வைத்துப் பார்த்தால் தோல்விகளே என்று புரிந்துகொள்கிறாள். புரிந்தும், மறுவைப் போக்க அவன் தரும் மருந்தைக் குடிக்கிறாள். ஆய்வுக்கூட உதவியாள் அமினதாப், இவள் தன் மனைவியாக இருந்தால் அந்த மறுவை விடவே மாட்டேன் என்று முணுமுணுக்கிறான். ஒரே மறு, பார்க்கிற கண்கள் மூன்று. போவின் கிழவருக்கோ இருட்டில் யாரென்று கேட்பதும் ஒரு முனகலும் ஓர் அலறலும்தான் பங்கு. அவர் மனதில் என்ன ஓடியது என்பதையும் கொலைகாரன்தான் நமக்குச் சொல்கிறான்.

ஒருவருடைய கோலால் இன்னொருவரை அளந்தால் இருவருமே குறைந்துபோவார்கள். ஹாதார்னுக்கு இது தெரிந்திருந்தது. விமர்சகர் போவைவிடக் கதாசிரியர் போவைத்தான் தாம் அதிகம் மதிப்பதாக 1846இல் அவருக்கே கடிதம் எழுதினார். மறு ஆண்டு போ, உருவகத்தையெல்லாம் விட்டுவிட்டு 'ஓல்ட் மான்ஸ்' வீட்டிலிருந்து வெளியே வரும்படி ஹாதார்னுக்கு அச்சில் அறிவுரை சொன்னார். 'பர்த்மார்க்' எழுதப்பட்டபோது ஹாதார்ன் குடியிருந்த கான்கார்ட் வீடு அது. அறிவுரை அச்சேறிய நேரத்தில் அவர் அந்த வீட்டை எப்போதோ காலிசெய்துவிட்டு, சேலத்தில் சுங்க அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.