குண்டர் சட்டம் ரத்து. உள்ளே போன நாளுக்கு யார் கணக்கு?

குண்டர் சட்ட உத்தரவை ஐகோர்ட்டு ரத்து செய்தது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. ரத்தானவருக்கு அரசு பணம் கொடுத்தது என்ற செய்திதான் அபூர்வம்.

1982-ல் தமிழ்நாட்டில் வந்த சட்டம் இது. விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. கமிஷனரோ கலெக்டரோ கையெழுத்து போட்டால் ஓராண்டு வரை உள்ளே கிடக்கணும். காரணத்தை 5 நாளுக்குள் எழுதித் தரவேண்டும். 3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்பவேண்டும்.

வீட்டார் ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடுகிறார்கள். கொடுத்த காகிதத்தில் எழுத்து தெரியவில்லை, தெரிந்த மொழியில் தரவில்லை, கைதானவரின் மனுவைப் பார்க்க அரசு நாள் கடத்தியது - இப்படி ஒரு ஓட்டை கிடைத்தால் உத்தரவு விழும். அதற்குள் பல மாதம் ஓடிவிடும். கடை பூட்டிக் கிடக்கும். வாடகை ஏறும்.

ரூ.35 ஆயிரம்

பீகார் முசாபர்பூர் ஜெயிலில் ஒருவர். குற்றவாளி அல்ல என்று 1968-லேயே கோர்ட்டு சொல்லிவிட்டது. வெளியே விட்டது 1982-ல்! விடுதலை மட்டும் போதாது, பணமும் கொடு என்று 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. மொத்தம் ரூ.35 ஆயிரம். வகுத்துப் பார்த்தால் வருஷத்துக்கு ரூ.2,500. மேற்கொண்டு வேண்டுமானால் சிவில் வழக்கு போடலாம் என்றும் கோர்ட்டு சொன்னது.

காஷ்மீர் எம்.எல்.ஏ. பீம்சிங்கை 1985 செப்டம்பரில் சட்டசபைக்குப் போகும் வழியில் போலீசார் பிடித்து வைத்தனர். மனைவி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். சில நாள் அடைத்ததற்கு ரூ.50 ஆயிரம் கிடைத்தது. ஆளைப் பார்த்துத்தான் விலையோ?

இரண்டுமே குண்டர் சட்ட வழக்கு அல்ல. ஆனாலும் வழி திறந்தது இங்கேதான். அடிப்படை உரிமையைப் பறித்தால், 'நாங்கள் அரசாங்கம்' என்று சொல்லி நஷ்டஈட்டில் தப்பமுடியாது என்று 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு அடித்துச் சொன்னது.

எங்கே சிக்கல்?

அத்துமீறல் அப்பட்டமாகத் தெரிந்தால்தான் கோர்ட்டு பணம் கொடுக்கச் சொல்லும். எழுத்து தெரியாத காகிதத்தால் தப்பியவருக்கு அது எட்டுவது கஷ்டம். நல்லெண்ணத்தோடு செய்த அதிகாரி மீது வழக்கு போடக்கூடாது என்று அந்தச் சட்டமே வேலி போட்டிருக்கிறது. 1979-ல் ஐ.நா. உடன்படிக்கையில் சேர்ந்தபோது, சட்டவிரோதக் கைதுக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை நம் சட்டத்தில் இல்லை என்று இந்தியா எழுதியே கொடுத்தது.

சிவில் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் தேதியைக் கவனிக்கணும். தவறாக அடைத்ததற்கு நஷ்டஈடு கேட்க, வெளியே வந்த நாளிலிருந்து ஒரே ஒரு வருஷம்தான் கெடு.