தாத்தாவின் மூச்சுத்திணறலுக்கு வயது மட்டும்தான் காரணமா?

மலாக்கா, செங் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரெண்டாக் ராணுவ முகாம் புதிதல்ல. ராணுவத்திலோ கடற்படையிலோ பழுதுபார்ப்பு வேலை செய்த தாத்தா உங்கள் வீட்டில் இருந்தால், இதைப் படித்துவிட்டு அவரிடம் பேசுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஏன் ஆபத்து?

தீப்பிடிக்காத கனிம நார் இது. அதனால்தான் பழைய கப்பல்களின் இயந்திர அறை, நீராவிக் குழாய், லோரி பிரேக், கூரைத் தகடு என்று உலகம் முழுவதும் பயன்படுத்தினார்கள். தகடு உடையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. அறுக்கும்போது கிளம்பும் நுண்ணிய தூசு நுரையீரலில் தங்கிவிடும்.

நோய் எப்போது தெரியும்?

அங்கேதான் சிக்கல். நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா ஆகியவை வெளிப்பட 20, 30, ஏன் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் வீரர் ஓய்வுபெற்றிருப்பார். புகைப்பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடும்.

சட்டம் கைகொடுக்குமா?

தனியார் தொழிலாளிக்கு இது சொக்சோ பட்டியலில் உள்ள தொழில்சார் நோய். ராணுவத்தினர் அதில் இல்லை. 2024 ஜூன் 1 முதல் விரிவுபடுத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் ஆயுதப்படைக்குப் பொருந்தாது.

இப்போது என்ன செய்யலாம்?

எந்த முகாம் அல்லது கப்பல், எந்த ஆண்டு, என்ன வேலை என்று தாத்தாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். விடாத இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தால் “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடாமல், அந்தக் குறிப்போடு டாக்டரைப் பாருங்கள். பழைய வேலையைச் சொன்னால்தான் டாக்டருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் மீது சந்தேகம் வரும்.