ஒரு எம்பி3 காணாது

"அண்ணை, மியூசிக்கை ஒரு எம்பி3 ஆக்கி வட்ஸ்அப்பில போட்டுவிடுங்கோ, காணும்."

குறும்படம், ஆவணப்படம், கடை விளம்பரம், ஊர்ச்சங்க மலர் வெளியீட்டு வீடியோ என்று எடுக்கிற எங்கடை ஆட்களுக்கு இசை செய்து கொடுக்கிற எவரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். என்னுடைய பதில் ஒன்றுதான். காணாது. ஏன் காணாது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. இசை செய்கிற பெடியளும் இதை வாசிக்கவேண்டும், அவர்களிடம் வேலை வாங்குகிற அண்ணன்மாரும் வாசிக்கவேண்டும்.

முதலில் படத்துக்கு வருவோம். எடிற்றிங் முடிந்து, இனி ஒரு பிரேம்கூட மாறாது என்று இயக்குநர் சொன்ன பிறகுதான் பின்னணி இசை தொடங்கவேண்டும். தொழிலில் இதைப் பிக்சர் லொக் என்பார்கள். படத்தைப் பூட்டுவது என்று வைத்துக்கொள்வோம். எங்கடை இடத்தில் அந்தப் பூட்டே கிடையாது. மண்டபத்தில் சனம் வந்து இருக்கத் தொடங்கிய பிறகும் மடிக்கணினியில் வெட்டிக்கொண்டிருப்பார்கள். கேட்டால், "சின்ன மாற்றம்தான் அண்ணை, பத்துப் பிரேம்தான் எடுத்தனான்" என்பார்கள். அந்தப் பத்துப் பிரேமைக் கணக்குப் பார்ப்போம்.

ஒரு காட்சி தொடங்கி 14.4 செக்கனில் கதவு திறக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 100 அடி என்ற வேகத்தில் ஒரு அடிக்கு 0.6 செக்கன். 24 அடி போனால் சரியாக 14.4 செக்கன். நாலு அடித் தாளத்தில் ஆறு சுற்று முடிந்து, ஏழாவது சுற்றின் முதல் அடியில் கதவு திறக்கும். பார்ப்பவருக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் உடம்பு சிலிர்க்கும். இசை செய்தவன் அந்த ஒரு அடிக்காகத்தான் இரவு இரண்டு மணிவரை இருந்திருப்பான். இப்போது செக்கனுக்கு 25 பிரேம் ஓடுகிற படத்தில் பத்துப் பிரேமை வெட்டினால் 0.4 செக்கன் போய்விடும். கதவு 14.0 செக்கனில் திறந்துவிடும். அதே 24 அடியை அதற்குள் அடக்க வேண்டுமென்றால் வேகம் 102.86 ஆகவேண்டும். கீபோர்ட்டில் வாசித்தது என்றால் மென்பொருளில் ஒரு எண்ணை மாற்றினால் சரி. புல்லாங்குழல்காரரைக் கூப்பிட்டு, காசு கொடுத்து ஒலிப்பதிவு செய்திருந்தால்? அதையும் மென்பொருள் சுருக்கித் தரும்தான். ஒருமுறை என்றால் காதுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தப் பத்துப் பிரேம் பத்துத் தரம் வரும் என்பதுதான் பிரச்சினை.

இது கணினி வந்த பிறகு வந்த பிடிவாதம் இல்லை. 1930களில் ஹொலிவூட்டில் மாக்ஸ் ஸ்ரைனர் போன்றவர்கள் கிளிக் ட்ராக் என்ற முறையில் வேலை செய்தார்கள். படச்சுருளில் குறித்த இடைவெளிகளில் துளை போட்டு, அது தருகிற 'டிக்' சத்தத்தைக் காதில் கேட்டுக்கொண்டு வாத்தியக் குழுவை நடத்துவார்கள். செக்கனுக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் 12 பிரேமுக்கு ஒரு துளை என்றால் நிமிடத்துக்கு 120 அடி. தாளமே பிரேமில் எழுதப்பட்டது. இன்றைக்கு அந்தத் துளையை மென்பொருள் போடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது பிரேம் கணக்கு. இது எங்களைப்போல நாலு நாட்டில் சிதறிக் கிடக்கிறவர்களுக்குக் கூடுதலாக வருகிற தலையிடி. ரொறன்ரோவில் எடுத்தது செக்கனுக்கு 29.97 பிரேம். பாரிசில் எடுத்தது 25. யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரப் பெடியன் கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பியது நிலையான கணக்கே இல்லாமல் ஏறி இறங்கும். இன்னொருவர் சினிமா மாதிரி இருக்கட்டும் என்று 23.976 இல் எடுத்திருப்பார். இதெல்லாம் ஒரே எடிற்றிங் மேசையில் வந்து விழுகிறது. 24க்கும் 23.976க்கும் இடையில் இருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குதான், ஆனால் ஒரு மணி நேரத்தில் அது 3.6 செக்கனாகிவிடும். 24 பிரேம் படத்தை 25 ஆக வேகம் கூட்டி ஓடவிட்டால், ஒரு நிமிட இசை 57.6 செக்கனுக்குள் முடியவேண்டும். ஆகவே இசை செய்கிறவர் முதலாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி "என்ன ராகம் வேணும்" என்பதல்ல. "எத்தனை பிரேம்?" என்பது. இரண்டாவதாக, மணி, நிமிடம், செக்கன், பிரேம் என்ற நாலு எண்களும், அதாவது ரைம்கோட், படத்திலேயே தெரிகிற மாதிரி ஒரு பிரதி கேளுங்கள். "அம்மா அழுகிற இடத்தில வீணை வரட்டும்" என்று இயக்குநர் தொலைபேசியில் சொல்லும்போது, எந்த அம்மா, எந்த அழுகை என்று இரண்டுபேரும் அரைமணித்தியாலம் தேடத் தேவையில்லை.

இனி அனுப்புகிற விசயம். வீடியோவுக்கு 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு. 44.1 என்பது சீடிக்கான அளவு. எம்பி3 ஏன் கூடாது? தரம் குறைவது ஒரு காரணம். மற்றது கனபேருக்குத் தெரியாது: எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் ஒரு சிறு மௌனம் தானாகவே சேர்ந்துகொள்ளும். சில மென்பொருள்கள் அதைக் கண்டு நீக்கும், சில நீக்காது. பிரேம் பார்த்து வைத்த அடி கொஞ்சம் பிந்திவிடும். இசை சரியாகப் பொருந்துகிறதா என்று எடிற்றர் சந்தேகப்படாமல் இருக்க ஒரு பழைய வழி இருக்கிறது. படத்தின் முதல் பிரேமுக்குச் சரியாக இரண்டு செக்கன் முன்னால், ஒரு பிரேம் நீளத்துக்கு ஒரு 'பீப்' சத்தம். படத்திலும் அதே இடத்தில் அது இருக்கும். இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் முடிந்தது. பிறகு "அண்ணை, எங்கை வைக்கிறது?" என்று விடியப்புறம் தொலைபேசி வராது.

சத்தத்தையும் உச்சத்துக்கு ஏற்றி அனுப்பாதீர்கள். ஐரோப்பியத் தொலைக்காட்சிகள் 2010இல் வந்த ஈபியூ ஆர்128 என்ற பரிந்துரையின்படி முழு நிகழ்ச்சியின் சராசரிச் சத்தத்தையும் -23 எல்யுஎஃப்எஸ் என்ற அளவுக்குக் கொண்டுவருகின்றன. நீங்கள் நெரித்து நெரித்து ஏற்றிய சத்தத்தை அங்கே இறக்கிவிடுவார்கள். மிஞ்சுவது நெரிசல் மட்டும்தான்.

இதுவரை சொன்னது தொழில் சுத்தம். நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

எங்கடை படங்களில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய சாட்சியம். காணாமல் போன மகனைப் பற்றி ஒரு தாய் கதைப்பார். முகாமில் இருந்த நாட்களைப் பற்றி ஒருவர் கதைப்பார். அதன் அடியில் நாங்கள் இசை போடுகிறோம். கனதரம் ஒலிக்கலவையும் இசை செய்கிறவன் தலையில்தான் விழும். குரலையும் இசையையும் ஒன்றாகக் கலந்து, ஒரே கோப்பாக அனுப்பிவிடுவார்கள். அந்த நிமிடத்தில் தாயின் குரலும் வயலினும் ஒட்டிப்போகின்றன. பிறகு எவராலும் அதைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. இப்போது செயற்கை நுண்ணறிவில் பிரிக்கிற கருவிகள் வந்துவிட்டனதான். பாட்டிலிருந்து குரலை எடுத்து விளையாட அவை நல்லவை. விம்மி விம்மிக் கதைக்கிற ஒரு முதியவரின் குரலை அதற்குள் விட்டு எடுத்துப் பாருங்கள், சிலவேளை அந்த விம்மல்தான் சத்தம் என்று நினைத்து அழிபடும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஆவணப்படத்தில் நடந்தது இது. படம் திரையிட்ட பிறகு, அதில் கதைத்த ஒரு அம்மா ஊரிலிருந்து சொல்லி அனுப்பினார்: ஒரு ஆளின் பெயரையும் ஒரு ஊரின் பெயரையும் எடுத்துவிடச் சொல்லி. காரணம் எவரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. ஆனால் அவர்களிடம் இருந்தது ஒரே கலவைக் கோப்பு. பெயரை வெட்டினால் இசையும் வெட்டுப்பட்டுத் துள்ளியது. சத்தத்தை மூடினால் இசையும் சேர்ந்து நின்றது. பார்ப்பவர் எவருக்கும் இந்த இடத்தில் ஏதோ எடுக்கப்பட்டிருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். மறைக்கவேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டுகிற மாதிரி. இசை தனிக் கோப்பாக இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. கடைசியில் அந்த அம்மாவின் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டார்கள். அவர் சொன்னது படத்தில் இன்று இல்லை.

இன்னொன்று மொழி. எங்கடை பிள்ளைகள் ஜேர்மன், பிரெஞ்சு, நோர்வேஜியன் கதைக்கிறார்கள். இன்றைக்குத் தமிழில் எடுத்த படத்துக்கு நாளைக்கு அந்த மொழிகளில் விவரணைக் குரல் வைக்க வேண்டிவரும். இசையும் சூழல் சத்தங்களும் விவரணையிலிருந்து தனியாக இருந்தால்தான் அது நடக்கும். தொலைக்காட்சிகள் வெளிநாட்டுக்கு விற்கிற படங்களுக்கு இப்படி ஒரு தடத்தைக் கட்டாயம் கேட்பார்கள். நாங்கள் எங்கடை பேரப்பிள்ளைகளுக்காவது அதைச் செய்து வைக்கவேண்டாமா?

ஆகவே, முழு இசைக் கலவை ஒன்று. அதோடு தாளம், தந்தி வாத்தியம், தனி வாத்தியம், குரல் என்று நாலைந்து பகுதிகளாகப் பிரித்த தடங்கள். ஸ்டெம்ஸ் என்பார்கள். எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே நீளத்தில் முடியவேண்டும். ஒலிக்கலவையும் நீங்களே செய்தால், பேச்சைத் தனியாக, இசையைத் தனியாக, மற்றச் சத்தங்களைத் தனியாகக் கொடுங்கள்.

"நாங்கள் என்ன ஹொலிவூட்டா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதற்குப் பெரிய ஸ்டூடியோ தேவையில்லை. ரீப்பரை 60 நாள் சும்மா பாவித்துப் பார்க்கலாம், தனியாட்களுக்கான உரிமம் 60 டொலர். அதில் வீடியோவையும் போட்டுப் பார்க்கலாம், எல்லாத் தடங்களையும் ஒரே தரத்தில் தனித்தனிக் கோப்பாக எடுக்கவும் முடியும். டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பிலேயே 2017 முதல் ஒலிக்கென்று தனிப்பக்கம் இருக்கிறது. சிலர், "என்னட்டை புரொஜெக்ற் கோப்பு இருக்குத்தானே, பிறகு பிரிச்சுத் தாறன்" என்பார்கள். அதை நம்பாதீர்கள். 2002இல் எமாஜிக் நிறுவனத்தை அப்பிள் வாங்கியதும் லொஜிக் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு நின்றது. 2017இல் கிப்சன் நிறுவனம் கேக்வோக்கை இழுத்து மூடியது, அடுத்த வருடம் வேறொரு நிறுவனம் வாங்கியதால் அது தப்பியது. மென்பொருள் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இராது. 1991இல் வந்த வேவ் இன்றைக்கும் எந்தக் கணினியிலும் திறக்கிறது.

இசை செய்கிறவர்களிடம் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. தடங்களைப் பிரித்துக் கொடுத்தால், அதை வெட்டி ஒட்டி அடுத்த சாமத்தியவீட்டு வீடியோவுக்கும் போடுவார்கள் என்று. போடுவார்கள்தான், நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு வழி, கொடுக்காமல் விடுவது அல்ல, எழுதி வாங்குவது. "இந்த இசை இந்தப் படத்துக்கு மட்டும், வேறெதற்கும் என்னைக் கேட்கவேண்டும்" என்று இரண்டு வரி, இரண்டு கையெழுத்து. வாங்கிய லூப்புகளைப் பாவித்திருந்தால் உரிமத்தையும் வாசியுங்கள். அந்த லூப்பைத் தனியாக இன்னொருவருக்குக் கொடுக்கப் பலர் அனுமதிப்பதில்லை.

கூடவே ஒரு கியூ ஷீற். எந்த இசை, எத்தனை நிமிடம், யார் செய்தது, யாருக்கு எத்தனை பங்கு என்கிற ஒரு பக்கம். படம் தொலைக்காட்சிக்குப் போனால் பிரான்சில் சசெம், பிரித்தானியாவில் பிஆர்எஸ், கனடாவில் சொக்கன், ஜேர்மனியில் கேமா போன்ற உரிமைச் சங்கங்கள் இந்தத் தாளை வைத்துத்தான் தங்கள் உறுப்பினருக்குக் காசைப் பங்கிடுகின்றன. சசெம் 1851 முதல் இருக்கிறது. அங்கே உறுப்பினராகச் சேராமல் "எங்களுக்கு ஆர் காசு தாறான்" என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை.

படம் எடுக்கிற அண்ணன்மாருக்கு: விலை பேசும்போதே இதையெல்லாம் பேசுங்கள். படம் எப்போது பூட்டப்படும், பூட்டிய பிறகு மாற்றினால் எவ்வளவு, என்னென்ன கோப்புகள் கைக்கு வரவேண்டும். பிரித்து எடுத்து, பெயரிட்டு, சரிபார்த்துத் தருவதும் வேலைதான், அதற்கும் காசு கொடுங்கள். வந்த கோப்புகளை இரண்டு வட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். உங்கள் முன்னால் இருந்து கதைத்தவர் உங்களை நம்பிக் கதைத்தவர். தன் சொல்லை நாளைக்குத் திருத்தவோ திரும்பப் பெறவோ அவருக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையை வயலினோடு சேர்த்து ஒட்டிவிடாதீர்கள்.