ஆலமரத்தடியும் அதன் நிலமும்

மெய்நிகர் உலகங்கள், அதாவது ஊரும் எல்லையும் இன்றிக் கணினி வழங்கிகளின் மேல் மட்டுமே மக்கள் கூடிப் புழங்கும் களங்கள், தம்மைத் தாமே ஆண்டுகொள்ள இயலுமா என்னும் கேள்வி, 1990இல் தொடங்கிய லாம்டாமூவிலேயே எழுந்துவிட்டது. எழுத்தால் மட்டுமே ஆன அவ்வுலகை ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் அமைத்த பாவெல் கர்ட்டிசும், ‘மந்திரவாதிகள்’ எனப்பட்ட நிர்வாகிகளும், 1992இல் பயனர்களின் வழக்குகளில் இனித் தலையிடுவதில்லை என ஒதுங்கினர். மனுவும் வாக்கெடுப்பும் அங்கே நடைமுறைக்கு வந்தன. எனினும் 1996இல் மந்திரவாதிகளே மீண்டும் பொறுப்பேற்றனர்.

தமிழில் இதற்கு நெருங்கிய முயற்சி 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்த இக்கலைக்களஞ்சியத்துக்கு ஊதியம் பெறும் ஆசிரியர் குழு கிடையாது. பொதுச் சிக்கல்கள் ‘ஆலமரத்தடி’ என்னும் பக்கத்தில் பேசப்படுகின்றன. தலைகளின் எண்ணிக்கையைவிடக் காரணத்தின் வலுவைப் பார்க்கும் ‘இணக்க முடிவு’ அங்கே நெறி. பக்கங்களை நீக்கவும் பயனரைத் தடைசெய்யவும் அதிகாரமுள்ள நிர்வாகிகளைப் பங்களிப்பாளர்களே தேர்ந்தெடுக்கின்றனர். சமயநல்லூரில் இருப்பவர் சேர்த்த வரியை டொரண்டோவில் இருப்பவர் நீக்கலாம். ஆனால் எதிர்ப்பு எழுந்தால் பேச்சுப் பக்கத்தில் காரணம் சொல்லியாக வேண்டும். காரணமின்றித் தடுப்போரின் சிக்கல் புதிதன்று. பாண்டிய நாட்டு மானூரில் ஏறத்தாழ 800ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, சபையில் எதற்கெடுத்தாலும் மறுப்புச் சொல்லித் தடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம் விதித்தது. அத்தகையோர் விக்கிப்பீடியாவிலும் உண்டு. தண்டம்தான் தற்காலிகத் தடையாக மாறியிருக்கிறது. மானூர் மன்றத்தில் பேச நிலப்பங்கு வேண்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

நிலம் யாருடையது என்பதே விக்கிப்பீடியாவிலும் முதன்மையான கேள்வி. வழங்கிகள் அமெரிக்காவின் விக்கிமீடியா அறக்கட்டளைக்கு உரியவை. அது நினைத்தால் தலையிட முடியும். ஆயினும் உள்ளடக்கம் படைப்பாக்கப் பொதுமங்கள் உரிமத்தில், அதாவது எவரும் படியெடுத்து வேறிடத்தில் தொடரலாம் என்ற அனுமதியில், வெளியாகிறது. 2002இல் விளம்பரம் வரக்கூடும் என அஞ்சிய ஸ்பானிய மொழிப் பங்களிப்பாளர் பலர் தம் கட்டுரைகளோடு பிரிந்து சென்று தனிக் களஞ்சியம் அமைத்தது இவ்வுரிமத்தின் முன்னோடியான உரிமத்தைக் கொண்டுதான். விளையாட்டு உலகங்களில் இப்படி எடுத்துச் செல்லும் உரிமை இல்லை. 2020 செப்டம்பரில் ஒன்றிய அரசு பப்ஜி என்னும் ஆட்டத்தைத் தடைசெய்தபோது, ஆண்டுக்கணக்கில் குழு கட்டி ஆடியவர்கள் வெறுங்கையோடு நின்றனர். 2021இல் ஆட்டம் வேறு பெயரில் திரும்பியபோது, பழைய உடைமைகளை மீட்கும் வழியை நிறுவனமே திறந்துவிட வேண்டியிருந்தது. வெளியேறும்போது தாம் ஆக்கியதை எடுத்துச் செல்ல முடியாத குடிகள் நடத்தும் தேர்தல், உடையவர் பொறுத்துக்கொள்ளும் வரை நடக்கும் தேர்தலே.

தமிழ் விக்கிப்பீடியாவின் குறை வேறு வகையானது. ஆலமரத்தடியில் தொடர்ந்து பேசுவோர் சிலரே. படிப்போரில் பெரும்பாலோர் அப்படியொரு பக்கம் இருப்பதையே அறியார். பிரிந்து செல்லும் உரிமை எழுத்தில் இருக்கிறது. பிரிந்து இன்னொரு களஞ்சியம் நடத்தும் அளவுக்கு ஆள்தான் இல்லை.