ரேஷன் அட்டையில் கீரைக்கும் இடம் வேண்டும்

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது கணக்கு எளிமையாக இருந்தது. இடைத்தரகர் கிடையாது, கடைக்கு வாடகை கிடையாது, தராசையும் அரசே தரும். மொத்த விலையைவிடச் சுமார் 20 விழுக்காடு கூடுதலாக விவசாயிக்கும், வெளிக்கடையைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவாக வாங்குபவருக்கும் கட்டுப்படியாகும் விலை அன்றாடம் பலகையில் ஏறியது.

ஆனால், அந்த மலிவு விலை போய்ச் சேருவது யாருக்கு? காலையில் ஸ்கூட்டரில் வந்து வாரத்துக்குச் சேர்த்து அள்ளிப்போக முடிந்தவர்களுக்கே பெரும்பாலும். விடிந்ததும் சித்தாள் வேலைக்குக் கிளம்பும் பெண் வீடு திரும்பும்போது சந்தை கலைந்திருக்கும். தெருமுனையில் கூறு கட்டி வைத்த தக்காளியைத்தான் அவர் வாங்குகிறார், சில நாள் கடனுக்கு. கிலோ கணக்குப் பார்த்தால் கூடுதல் விலை கொடுப்பவர் அவர்தான். இதற்காகக் கூறு விற்கும் அம்மாவைக் குறைசொல்ல முடியாது. இருட்டிய பிறகும் உட்கார்ந்திருப்பதும் கடன் கொடுப்பதும் அவர் மட்டும்தானே!

ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலும், நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 1,920 ரூபாய். ரேஷன் அரிசி 2011 முதல் இலவசம். காய்தான் கையைக் கடிக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2009-ல் ஒரு வழி கண்டது. அரசின் உணவு உதவி அட்டையைக் கொண்டு உழவர் சந்தையில் ஒரு டாலர் செலவழித்தால், உள்ளூர்க் காய்கனி வாங்க இன்னொரு டாலர் சேர்ந்து கிடைக்கும். தொண்டு நிறுவனப் பணத்தில் தொடங்கிய ‘டபுள் அப் ஃபுட் பக்ஸ்’ இது. இத்தகைய முயற்சிகளுக்கு 2014 வேளாண் சட்டம் 10 கோடி டாலர் ஒதுக்கியது. 2018 சட்டம் அதை நிரந்தரமாக்கியது. உதவி வாங்குபவருக்கு, வருமானம் விவசாயிக்கு.

நம்மிடம் 2017 முதல் ஸ்மார்ட் ரேஷன் அட்டை இருக்கிறது. முதலில் மதுரையில் மட்டும், உழவர் சந்தையில் 100 ரூபாய்க்கு வாங்கும் ஏழைக் குடும்பத்துக்கு 50 ரூபாய்க் காய்கறி கூடுதலாகக் கொடுத்துப் பார்க்கலாம். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் வைக்கலாம். ரேஷன் கடையிலேயே காய் விற்றால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது கிலோ 60 ரூபாய்க்கு அங்கே விற்றது உண்மைதான். அது அவசரத்துக்குச் சரி. வாடும் கீரையை ஆண்டு முழுக்கக் காப்பது அரிசி மூட்டை அடுக்கும் கடைக்கு ஆகிற காரியமில்லை.

சலுகை மட்டும் போதாது, சந்தை மாலையிலும் நடக்க வேண்டும். வாரம் இரண்டு நாள், ஐந்து முதல் எட்டு மணி வரை. அதற்கும் முன்னால், விவசாயி அட்டையோடு உட்காரும் வியாபாரிகளைக் களைய வேண்டும். இல்லாவிட்டால் அந்த 50 ரூபாய் அவர்கள் கல்லாவுக்குத்தான் போகும்.