காத்திருக்கும் நாட்கள்



உடலுக்குக் காய்ச்சல் வருவது போல உள்ளத்துக்கும் நோவு வருவதுண்டு. தேர்வு பயம், வீட்டுச் சச்சரவு, தோழியின் பிரிவு, நெருங்கியவரின் மரணம் எனக் காரணங்கள் பல. சில வேளைகளில் காரணமே புலப்படாது. ஒரு மாணவி துணிந்து வாய் திறந்து, கவுன்சலிங் போக வேண்டும் என்கிறாள். "அடுத்த வாரம் அழைத்து வாருங்கள்" என்று பதில் வருகிறது. நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, காத்திருக்கத்தான் வேண்டியுள்ளது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதுதான் வழியா? இல்லை என்பதே என் கருத்து.

அரசர்கள் முதல் நூலின் 19 ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அரசி ஈசபேலுக்கு அஞ்சி ஓடிய இறைவாக்கினர் எலியா, பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து சாவை வேண்டினார். இறைவன் அவரைக் கடிந்துகொண்டாரா? அறிவுரை சொன்னாரா? இல்லை! தூங்கவிட்டார். தூதர் வழியாக அப்பமும் தண்ணீரும் தந்தார். மீண்டும் தூங்கவிட்டார், மீண்டும் உணவு தந்தார். நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்த பின்னரே, மெல்லிய ஒலியில் எலியாவோடு பேசினார். ஆம், உணவும் உறக்கமும் முந்தின, உரையாடல் பிந்தியது.

மாணவியரே, காத்திருக்கும் நாட்களில் நாமும் அவ்வாறே செய்வோம். பசிக்காவிட்டாலும் நேரத்துக்குக் கஞ்சியாவது குடியுங்கள். இரவில் கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு உறங்குங்கள். மாலையில் சற்று நடந்து வாருங்கள். தாடகை மலைப் பக்கத்துக் காற்றுக்குக் கட்டணம் இல்லை! மனத்தை அழுத்துவதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆலோசகர் முன் அமரும்போது அது கைகொடுக்கும். அம்மா, பாட்டி, வகுப்பாசிரியை, சிஸ்டர் என நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

கேட்பவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. சென்னையில் 1986 இல் தொடங்கிய 'சினேகா' அமைப்பின் தொண்டர்கள் செய்யும் பெரும்பணியே, துயரப்படுபவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்பதுதான்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால், அன்று ஒரு மணி நேரமும் காத்திருக்கலாகாது. உடனே பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய 'டெலி மனஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவிலும் பகலிலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கு 1098 என்ற எண்ணும் உண்டு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்குத் தொலைவில் இல்லை.

பெற்றோர்களே, அத்தகைய நாட்களில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். "ஊர் என்ன சொல்லும்?" என்று தயங்காதீர்கள். "செபித்தால் சரியாகும்" என்று சொல்லி நிறுத்திவிடவும் வேண்டாம். செபம் வேண்டும், துணையும் வேண்டும். கெத்சமனித் தோட்டத்தில் செபிக்கச் சென்ற இயேசுவே, தம்மோடு விழித்திருக்கும்படி மூன்று சீடர்களைக் கேட்டார் அல்லவா? அவர்களோ தூங்கிவிட்டார்கள்.

நாம் விழித்திருப்போம்!