பற்சக்கரத்துக்கு ஒரு காவல்

வன்னியிலே வழிகள் நீளமானவை. வீட்டுக்கும் வயலுக்கும், கிராமத்துக்கும் பாடசாலைக்கும் இடையே பல மைல் தூரம் கிடக்கும். அத்தூரத்தைக் கடக்க நம் மக்களுக்கு நெடுங்காலமாய்க் கைகொடுத்து வருவது துவிச்சக்கர வண்டியே. 1990 ஆம் ஆண்டிலே தொடங்கிய பொருளாதாரத் தடை 2002 இல் நீங்கும்வரை, வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதியில் எரிபொருள் கிடைத்தற்கரிய பொருளாயிருந்தது. நெல்மூட்டையும் விறகும் சைக்கிளில் ஏறின. நோயாளரையும் அதிலேயே இருத்தி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். 2022 இல் நாடெங்கும் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது, மோட்டார் வாகனத்தில் உலாவிய உத்தியோகத்தரும் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தனர். ஆதலால் சைக்கிளின் ஓர் உறுப்பைப் பற்றி இவ்வாரம் சிந்திப்பது வீண்வேலை ஆகாது என்று நம்புகின்றோம்.

நாம் கருதும் உறுப்பு, பெடலை மிதிக்கும்போது சுழல்கின்ற முன் பற்சக்கரம். கடைக்காரர் அதனைச் 'செயின் வீல்' என்பார். பழைய றலி, ஹம்பர் வண்டிகளில் அதன்மேல் ஒரு தகட்டு மூடி இருந்தது. இன்று நம் மாணவர்கள் பெரிதும் விரும்பும் 'மவுண்டன்' சைக்கிள்களிலோ மூன்று பற்சக்கரங்கள் அடுக்கப்பட்டு, பெரும்பாலும் மூடியின்றிக் கிடக்கின்றன. "பற்சக்கரம் அடிபடாமலிருக்க 'பாஷ் காட்' என்றொரு காப்புத்தகடு விற்கிறார்களே, அதனை வாங்கலாமா? எதை வாங்குவது?" என்று நம்மிடம் கேட்கும் மாணவர் சிலர் உளர். தந்தையார் நெல் விற்ற காசில் வாங்கித் தந்த வண்டியைக் காக்க வேண்டும் என்ற கவலை அவ்வினாவில் இருக்கின்றது. அது பாராட்டத்தக்க கவலை. எனவே சற்று விரிவாகவே விடை கூறுவோம்.

முதலில் இக்காப்பின் வரலாற்றை அறிதல் நன்று. 1880 ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் றெனோல்ட் என்பவர் உருளைச் சங்கிலியை உருவாக்கினார். 1885 இல் கொவன்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்டார்லி, பின்சில்லைச் சங்கிலியால் இயக்கும் றோவர் சைக்கிளை வெளியிட்டார். இன்றைய சைக்கிளின் உருவம் அதிலிருந்தே வந்தது. சங்கிலி வந்ததும் அதற்கு இரண்டு பகைகள் தோன்றின: ஒன்று வீதியின் சேறும் தூசும், மற்றொன்று ஓட்டுபவரின் நீண்ட உடை. இவ்விரண்டையும் விலக்கவே சங்கிலியை முழுவதும் மூடும் பெட்டிகள் செய்யப்பட்டன. சன்பீம் என்னும் ஆங்கில சைக்கிளிலே அப்பெட்டிக்குள் எண்ணெயும் நிரப்பிச் சங்கிலியை நனைத்து வைத்தனர்.

பாஷ் காட் தோன்றியது வேறு நாட்டில், வேறு தேவைக்காக. 1976 ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் மரின் பிரதேசத்திலே சில இளைஞர்கள் பழைய தடித்த சைக்கிள்களில் மலைச்சரிவில் இறங்கிப் பந்தயம் ஓடத் தொடங்கினர். அந்த விளையாட்டிலிருந்து மலைச் சைக்கிள் பிறந்தது. 1981 இல் விற்பனைக்கு வந்த ஒன்றின் பெயர் ஸ்டம்ப்ஜம்பர். மரத்தின் அடிக்கட்டையைத் தாண்டுவது என்பது அதன் பொருள். அடிக்கட்டையையும் பாறையையும் தாண்டும்போது வண்டியின் அடிவயிற்றில் முதலில் அடிபடக்கூடியது பற்சக்கரமே. அவ்வடியைத் தாங்குவதற்காக, பெரிய பற்சக்கரத்தைக் கழற்றி அவ்விடத்தில் பற்களற்ற வட்டத்தகடு ஒன்றைப் பூட்டினர். அதுவே பாஷ் காட்.

ஆகவே பெட்டி உடையையும் சேற்றையும் தடுப்பது. பாஷ் காட் கல்லையும் கட்டையையும் தடுப்பது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. வாங்கப் புறப்படுமுன் நம் வண்டியின் பகை எது என்று தெளிய வேண்டும்.

அதனைத் தெளிவது கடினமன்று. வண்டியைச் சாய்த்து வைத்துப் பற்களைப் பாருங்கள். ஓரிரண்டு இடங்களில் மட்டும் பற்கள் மழுங்கியோ வளைந்தோ இருந்தால் அது அடியின் அடையாளம். சுற்றிலும் பற்கள் சுறாவின் செட்டை போல ஒருபுறம் சாய்ந்து கூர்மையாயிருந்தால் அது தேய்வு. தேய்வுக்குக் காரணம் பெரும்பாலும் நீண்டுபோன சங்கிலி. சங்கிலியின் ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு அரை அங்குலம். எனவே 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். அடிமட்டத்தை வைத்து அளக்கும்போது அது அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பற்சக்கரமும் கெட்டிருக்கக்கூடும். இந்நோய்க்குப் பாஷ் காட் மருந்தாகாது. அதனை வாங்கும் பணத்தில் நல்ல சங்கிலி ஒன்றை வாங்குவதே அறிவுடைமை.

அடியே பகை எனக் கண்டவர்கள் மேலே படிக்கலாம். காப்புத்தகடு அடியை அழித்துவிடுவதில்லை. வேறோர் உறுப்புக்கு மாற்றிக் கொடுக்கிறது. கிராங்கில் பூட்டிய தகட்டில் விழும் அடி, திருகாணிகள் வழியாகக் கிராங்குக்கும் அதன் அச்சுக்கும் செல்கின்றது. வண்டியின் சட்டத்திலேயே பூட்டும் ஒருவகைத் தகடும் உண்டு. அதில் விழும் அடி சட்டத்துக்குச் செல்லும். அதனைப் பூட்டுவதற்குச் சட்டத்தில் தனியாகக் காதுகள் வார்க்கப்பட்டிருக்க வேண்டும். நம் ஊர்ச் சாதாரண வண்டிகளில் அவை இரா. ஆகவே நமக்குப் பொருந்துவது கிராங்கில் பூட்டும் வகையே. அதிலும் தகடு முதலிற் கெட வேண்டும், கிராங்கு கடைசியிற் கெட வேண்டும். மலிவாக மாற்றக்கூடிய உறுப்பே அடியை ஏற்பது நலம்.

அடுத்து, உங்கள் கிராங்கில் இதனைப் பூட்ட இயலுமா என்று பாருங்கள். விலை குறைந்த வண்டிகளில் மூன்று பற்சக்கரங்களையும் தறையாணியால் அறைந்து ஒன்றாக்கியிருப்பார்கள். திருகாணி இல்லையேல் கழற்றவும் இயலாது, தகட்டைப் பூட்டவும் இயலாது. அத்தகைய வண்டிகளில் சிலவற்றுக்கு வெளிப்புறத்தில் மெல்லிய பிளாஸ்ரிக் வட்டம் ஒன்று இருக்கும். அது காற்சட்டையைக் காப்பதற்கானது. கல்லில் மோதினால் உடைந்துவிடும்.

திருகாணி உண்டாயின் துளைகளின் வட்டத்தை அளக்க வேண்டும். இங்கே மாணவர்களின் கேத்திரகணிதம் உதவிக்கு வரும். நான்கு துளைகள் சமதூரத்தில் இருப்பின், எதிரெதிர்த் துளைகளின் மையங்களுக்கு இடையேயுள்ள தூரமே வட்டத்தின் விட்டம். நடுவில் அச்சு மறிப்பதால் நேரே அளக்க முடியாவிடின், அடுத்தடுத்த இரு துளைகளின் இடைத்தூரத்தை 1.414 ஆற் பெருக்குக. 73.5 மில்லிமீற்றர் வந்தால் விட்டம் 104. இது மலைச் சைக்கிள்களில் மிகுதியாய் வழங்கும் அளவு. ஐந்து துளைகளாயின் 1.701 ஆற் பெருக்குக. 64.7 வந்தால் விட்டம் 110. புதிய கிராங்குகள் சிலவற்றில் துளைகள் சமதூரத்தில் இல்லை. அவற்றுக்கு இக்கணக்குச் செல்லாது.

பின்னர்த் தகட்டின் பருமன். நடுச்சக்கரத்துக்கு 32 பற்கள் எனக் கொள்வோம். சங்கிலி அமரும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 130 மில்லிமீற்றர். சங்கிலியையும் சேர்த்தால் 138. காப்புத்தகடு இதனினும் சற்றுப் பெரிதாயிருந்தால்தான் சங்கிலி தப்பும். மிகப் பெரிதாயின் அதுவே நிலத்தில் இடிக்கும். எத்தனை பற்கள் வரை தகும் என்று தகட்டிலேயே பொறித்திருப்பார்கள். நம் சக்கரத்தின் எண்ணுக்கு ஒத்ததையோ அதற்கு அடுத்ததையோ தெரிவு செய்க. 44 பல் சக்கரம் சங்கிலியோடு சுமார் 187 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது. அதனை நீக்கி 150 மில்லிமீற்றர்த் தகட்டைப் பூட்டினால், வண்டியின் அடிக்கும் நிலத்துக்கும் இடையே ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் கூடுதலாகக் கிடைக்கும்.

ஆனால் பெரிய சக்கரத்தை நீக்குவதால் வரும் இழப்பையும் எண்ண வேண்டும். பின்புறத்தில் 14 பல்லும் 26 அங்குலச் சில்லும் உள்ள வண்டியில், 44 பல்லில் ஒரு மிதிச்சுற்றுக்குச் சுமார் 6.5 மீற்றர் செல்லலாம். 32 பல்லில் 4.7 மீற்றர்தான். பத்துக் கிலோமீற்றர் சமதரையில் செல்ல முன்னதற்கு ஏறத்தாழ 1,540 சுற்றுகள் போதும். பின்னதற்கு 2,110 வேண்டும். மலைநாட்டிலே, நக்கிள்ஸ் மலைச்சரிவிலே வண்டி ஓட்டுபவருக்கு இது ஒரு பொருட்டன்று. பரந்தனிலிருந்தோ மாங்குளத்திலிருந்தோ எதிர்க்காற்றில்லாத காலைவேளையில் நெடுவீதியில் விரைய விரும்பும் நம் பிள்ளைகளுக்கு இவ்விழப்பு நாள்தோறும் தெரியும்.

தகடு எதனாலானது என்பதும் முக்கியம். அலுமினியத் தகடு உறுதியானது. பலமாக அடிபட்டால் உட்புறம் வளைந்து சங்கிலியை உரசக்கூடும். பொலிகாபனேற்று என்னும் கடினப் பிளாஸ்ரிக் இலேசானது. கல்லின்மேல் வழுக்கிச் செல்லும், சற்று வளைந்து மீளும், ஆயினும் வெடிப்பு உண்டாகலாம். மாதம் ஒருமுறை திருகாணித் துளைகளைச் சுற்றிக் கீறல் உண்டா என்று பார்ப்பது நல்லது. தகடு பற்சக்கரத்தினும் தடிப்பாயின் நீண்ட திருகாணிகள் வேண்டும். பூட்டிய பின்னர், முன் கியர் மாற்றியின் எல்லைத் திருகை முடுக்கி, சங்கிலி தகட்டின்மேல் ஏறாதபடி செய்துவிட வேண்டும். இதனைச் செய்யாமல் வீதியில் இறங்குவது ஆபத்து.

இனி, வன்னியில் இது யாருக்கு வேண்டும்? காட்டுப் பாதையில் விழுந்த மரத்தின் மேலும், மதகின் விளிம்பிலும், வாய்க்காலின் சீமெந்துக் கட்டிலும் வண்டியை ஏற்றி இறக்குபவருக்கு வேண்டும். அவ்வாறான இடங்களில் இறங்கி வண்டியைத் தூக்கிச் செல்பவருக்கு வேண்டியதில்லை. நம் பாடசாலைப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் செல்வது சமதரையான கிறவல் வீதியிலும் தார் வீதியிலுமே. அங்கே சங்கிலியின் பகை செந்தூசும் மாரிகாலத்துச் சேறும். அவர்களுக்கு முழுமூடியோ அரைமூடியோ உள்ள சாதாரண வண்டியே பொருத்தம்.

பெண்பிள்ளைகளுக்கும் சேலை உடுத்திச் செல்லும் ஆசிரியைகளுக்கும் சாரம் உடுத்தி வயலுக்குச் செல்லும் பெரியவர்களுக்கும் இது இன்னும் பொருந்தும். சேலைத்தலைப்புச் சங்கிலியில் சிக்கினால் வண்டி அக்கணமே நிற்கும். பின்னால் உழவு இயந்திரமோ பேருந்தோ வந்தால் விளைவு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாஷ் காட் வெளிப்புறத்தை மட்டும் மறைக்கும். மேலே ஓடும் சங்கிலி திறந்தபடியே இருக்கும். தங்கையைப் பின்னால் ஏற்றிச் செல்லும் அண்ணன்மார் மற்றொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். சிறு பிள்ளையின் கால் பின்சில்லின் கம்பிகளுக்குள் போய்விடாமலிருக்க இருபுறமும் வலையோ தகடோ கட்டுதல், எந்தப் பற்சக்கரக் காவலினும் முந்திய கடமை.

பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே. பிள்ளை ஒரு புதிய உறுப்பைக் கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே பணத்தை எடுக்கவும் வேண்டாம். அடிமட்டம் ஒன்றைக் கையிற் கொடுத்து, சங்கிலியை அளக்கச் சொல்லுங்கள். பற்களை எண்ணச் சொல்லுங்கள். எந்த அடியிலிருந்து எதைக் காக்கப் போகிறாய் என்று வினவுங்கள். தக்க விடை வந்தால் தகட்டை வாங்கிக் கொடுங்கள். விடை 'சங்கிலி தேய்ந்துவிட்டது' என்றோ 'மூடி போதும்' என்றோ முடிந்தாலும் நட்டமில்லை. வண்டி நாளையும் பாடசாலை வாயிலை அடையும். பிள்ளையும் தன் வண்டியைத் தானே அறிந்தவனாவான்.